வலக்கை என்றால் வலக்கைதான்

ஆற்று அலுவலகத்துத் தாளில் என் ஓரகத்தியைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. "எச்சரிக்கை தவறியதற்குக் காரணம், அளவு பார்ப்பவர் ஆற்றின் பெயரை மாற்றிச் சொன்னது." எனக்கு எழுத்து தெரியாது. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், ஒருவராவது வேறு மாதிரி படிப்பாரோ என்று. மூன்று பேரும் ஒரே மாதிரிதான் படித்தார்கள். இருபத்தெட்டு வருஷம் ஆற்றை அளந்தவளுக்கு ஒரு வரி. அதுவும் பொய். மீதியை நான் சொல்கிறேன்.

என் புருஷன் மூத்தவர், அவள் புருஷன் இளையவர். ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி இருந்தோம். அவள் பக்கம் தும்மினால் என் பக்கம் விளக்கு ஆடும். பின்கட்டில் குழாய் ஒன்றுதான். அந்தக் குழாயடியில் நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் ஆற்றைவிட நீளமாக இருக்கும். அவள் என்னைவிட ஏழு வயது சின்னவள், ஒல்லி, நேராக நிற்பாள், நேராகப் பேசுவாள், கைப்பிள்ளையை வாங்கினால்கூட எடை சொல்லித்தான் திருப்பித் தருவாள். எதைக் கேட்டாலும் அளவோடு பதில். "பசிக்குதாடி?" என்றால் "அரை வயித்துக்குப் பசிக்குது அக்கா" என்பாள். முழக்கோல் என்று நான்தான் பெயர் வைத்தேன். படகுத்துறையில் மீன் வெட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னேன், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. "கோணலா இருக்கறதுக்குக் கோல்னு சொல்ல மாட்டாங்கல்ல" என்றாள்.

ஆற்றைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் இருப்பது மூன்று தண்ணீர் கூடும் இடத்தில். நடுவில் பெரிய ஆறு. வடக்கே எங்கேயோ பனி உருகிப் பிறந்து, பாதி நாட்டைத் தடவிக்கொண்டு, வழியில் எத்தனையோ ஆறுகளை வாங்கிக்கொண்டு வருகிறது. எங்களிடம் வரும்போது அதற்கு வயசாகிவிடும். அகலம் அதிகம், அவசரம் இல்லை. கடைசியாக அதில் விழுகிற இரண்டு ஆறுகள் எங்கள் ஊரில்தான் விழுகின்றன, எதிரெதிராக. ஒன்று களிமண் குன்றுகளிலிருந்து வருவது. குட்டையான ஆறு, கோபக்கார ஆறு. குன்றில் காலையில் மழை பெய்தால் மத்தியானம் இங்கே மஞ்சள் தண்ணீர் வந்து கதவைத் தட்டும். இன்னொன்று காட்டுக்குள் இருக்கும் ஏரியிலிருந்து வருவது. கறுப்புத் தண்ணீர், காய்ச்சின டீ மாதிரி. அது ஏறுவதற்கு நான்கு நாள் எடுக்கும், இறங்குவதற்கு ஒரு வாரம். மஞ்சளும் கறுப்பும் பெரிய ஆற்றில் விழுந்த பிறகும் ஒரு மைல் தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட நானும் அவளும் மாதிரி. அப்புறம் ஆறு பல வாயாகப் பிரிந்து கடலுக்குப் போகும். கடல் ஏறுகிற நேரம் பார்த்து மஞ்சள் தண்ணீர் வந்துவிட்டால், போக இடம் இல்லாமல் திரும்பி எங்கள் கீழ்த்தெருவுக்குள் நுழையும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், கழுதை புத்தி இருந்தாலும் புரியும், ஆனால் அலுவலகத்தில் படித்தவர்கள் மூன்று பேருக்குப் புரியவில்லை.

எங்கள் ஊரை உண்டாக்கியவர்கள் படகுக்காரர்கள். கடலிலிருந்து மேலே ஏறி வந்தவர்கள். அப்படி ஏறி வரும்போது வலது கைப் பக்கம் மஞ்சள் ஆறு, இடது கைப் பக்கம் கறுப்பு ஆறு. அதனால் மஞ்சளுக்கு வலக்கை என்று பெயர், கறுப்புக்கு இடக்கை என்று பெயர். நான் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு வைத்த பெயர். ஆனால் அலுவலகத்துக்காரன் ஆற்றை எப்படிப் பார்க்கிறான்? தண்ணீர் போகிற திசையில் முகத்தை வைத்துப் பார்க்கிறான், கடலைப் பார்த்து. அப்படி நின்றால் எங்கள் வலக்கை அவனுக்கு இடது. எங்கள் இடக்கை அவனுக்கு வலது. அவன் புத்தகத்தில் "இடது துணையாறு, வலது துணையாறு" என்றுதான் இருக்கும். உலகத்தில் எல்லா ஆற்றுக்கும் அப்படித்தானாம். இருக்கட்டும். உலகத்தோடு எனக்கு வழக்கில்லை.

அளவு பார்க்கிற வேலை முதலில் அவள் புருஷனுடையது. மூன்று தண்ணீருக்கும் மூன்று அளவுக் கம்பம். வெள்ளை அடித்து அதில் கறுப்பில் அடி, அங்குலம் போட்டிருக்கும். காலையில், மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். தண்ணீர் வேகமாக ஏறினால் பம்பு அறையில் இருக்கிற போனில் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அவனுக்கு முழங்கால் போன பிறகு, படி இறங்கிப் பார்த்தவள் இவள்தான், பெயர் மட்டும் அவனுடையது. அவன் செத்த பிறகு பெயரும் இவளுடையது ஆயிற்று. அவன் அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான், பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது.

"எழுதும்போது கடலைப் பார்த்து எழுது. பேசும்போது மலையைப் பார்த்துப் பேசு."

அதாவது படிவத்தில் மஞ்சளை "இடது" என்று எழுத வேண்டும். வாயால் சொல்லும்போது "வலக்கை" என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் போனை எடுக்கிற குமாஸ்தா எங்கள் ஊர்க்காரர். அவரிடம் போய் "இடது துணையாறு" என்றால், "என்னம்மா முழக்கோல், கல்யாணப் பேச்சு மாதிரி சுத்தி வளைக்கற? வலக்கையா இடக்கையா, அதைச் சொல்லு" என்பார். இப்படி இருபத்தெட்டு வருஷம் ஓடியது. ஒரு தடவைகூட மாறவில்லை.

பிறகு குமாஸ்தா ஓய்வு பெற்றார். அவர் நாற்காலியில் யாரையும் போடவில்லை. புதிதாக ஓர் எஞ்சினியர் வந்தார். போனை அவரே எடுப்பார் என்றார்கள். வந்து ஆறு வாரம் ஆகியும் அந்த மகராசன் மூன்று கம்பத்தில் ஒன்றைக்கூட வந்து பார்க்கவில்லை. ஆறு அவருக்குச் சுவரில் மாட்டின படம்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். வெயில் அடித்தது. எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. நான் படகுத்துறையில் இருந்தேன். மத்தியானம் தண்ணீரில் மஞ்சள் கோடு தடிமனாகத் தெரிந்ததும், கத்தியைக் கழுவிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கூட மீன் வெட்டுகிறவள் கேட்டாள்:

"என்னக்கா பாக்கற?"

"வலக்கை கலங்கி வருதுடி."

"முழக்கோல் மேலதான இருக்கா. அவ பாத்துக்குவா."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பத்து நிமிஷத்தில் ஒரு அடி. அவள் வாழ்க்கையில் அப்படி ஏறிப் பார்த்ததில்லை. பம்பு அறைக்கு ஓடிப் போனை எடுத்தாள். என்ன பேசினார்கள் என்பது இரண்டு பேர் வாயிலிருந்தும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள், அதுதான் வேடிக்கை.

"ஐயா, வலக்கை பதினாறு அடி. இன்னும் ஏறுது. கடலும் ஏறுற நேரம். உடனே ஸ்பீக்கர் வண்டியை அனுப்புங்க."

"எது? வலதா?"

"ஆமாங்கய்யா, வலக்கை. வலக்கை."

"சரி, வலது. வண்டி போகும். நீங்க கம்பத்தை விட்டு நகரக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை அளவு வேணும்."

போன் வைத்தாயிற்று. அவள் கம்பத்துக்குத் திரும்பி, படிவத்தில் "இடது, பதினாறு அடி" என்று எழுதினாள். கடலைப் பார்த்து எழுதினாள். மலையைப் பார்த்துப் பேசினாள். சொன்னபடி செய்தாள்.

அடுத்த அளவு பதினேழரை. அதையும் எழுதினாள். வண்டி கீழ்த்தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. "பொதுமக்கள் உடனே மேட்டுப் பகுதிக்கு..." நன்றாகக் கேட்டது. தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

அக்கரையில், கறுப்பு ஆற்றங்கரையில், அந்த வண்டி போய்க்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் படியைக்கூடத் தொடவில்லை. சனங்கள் பாயும் தலையணையும் தூக்கிக்கொண்டு வெயிலில் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நடத்திப் போனார்களாம். வண்டி இந்தக் கரைக்கு வர வேண்டுமென்றால் மேலே பாலம் வரை போய்ச் சுற்ற வேண்டும். ஒன்றரை மணி நேரம்.

அவள் அளவுப் புத்தகத்தைப் படியில் போட்டுவிட்டு ஓடினாள். ஐம்பத்தைந்து வயசில், அரை மைல், ஈரப் புடவையோடு. கீழ்த்தெருவுக்குள் நுழைந்து கத்தினாள். என் காதால் கேட்டேன். அவள் சத்தமாகப் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை, குழாயடியில்கூடத் தாழ்ந்த குரலில்தான் திட்டுவாள். "வலக்கை வருது, வலக்கை வருது" என்று கத்தினாள். எங்கள் ஊரில் ஒருவனும் "எந்தப் பக்கம்?" என்று கேட்கவில்லை. அடுப்பை அணைக்காமல் ஓடினார்கள். ஐம்பத்து மூன்று வீடு அந்தத் தெருவில். ஐம்பத்து இரண்டு வீடு காலியாயிற்று.

கடைசி வீடு மெக்கானிக்குடையது. படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். அவன் அப்போது நடு ஆற்றில் நின்றுபோன படகுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் அம்மா. இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷமாகப் படுக்கை. என் வயசுக்காரி. நானும் அவளும் ஒரே துறையில் மீன் வெட்டினவர்கள், என்னைவிட வேகமான கை. இவள் அந்த வாசலுக்குப் போய்ச் சேரும்போது தண்ணீர் இடுப்புக்கு மேலே. கதவு உள்ளே திறக்கிற கதவு. பின்பக்கமாக நுழைந்த தண்ணீர் உள்ளிருந்து அழுத்தியது. தள்ளினாள், தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இரண்டு ஆண்கள் வந்து இவளை இழுத்துக்கொண்டு போனார்கள். இல்லாவிட்டால் இவளும் போயிருப்பாள்.

மஞ்சள் தண்ணீர் மூன்று மணி நேரம் நின்று போனது. அதன் வழக்கம் அப்படித்தான், வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும்.

விசாரணை என்று கூப்பிட்டார்கள். அவள் தனியாகத்தான் போகிறேன் என்றாள். நான் விடவில்லை.

"உனக்கு அங்க என்னக்கா வேலை?"

"வேடிக்கை பாக்கப் போறேன். நீ நட."

மாடியில் ஓர் அறை. மின்விசிறி சுற்றும்போது படபடவென்று தாள்கள் அடித்துக்கொண்டன, மேலே கல் வைத்திருந்தார்கள், எங்கள் ஆற்றுக் கல்தான். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: புது எஞ்சினியர், தலைநகரத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, எழுதுகிறவர் ஒருவர். சுவரில் ஆற்றுப் படம். ஆற்றைப் பல்லி மாதிரி செங்குத்தாக மாட்டியிருந்தார்கள், தலை மேலே, வால் கீழே. என்னை யார் என்று கேட்டார்கள். "கூடப் பொறக்காதவ" என்றேன். எழுதுகிறவர் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

பெரிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையைத்தான் நான் நம்பவில்லை.

"அம்மா, நீங்க போன்ல வலதுன்னு சொன்னீங்களா?"

"வலக்கைன்னு சொன்னேங்கய்யா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்கய்யா. வலதுங்கறது பக்கம். வலக்கைங்கறது பேரு."

"ஆனா உங்க படிவத்துல, அதே நேரத்துல, இடதுன்னு சரியா எழுதியிருக்கீங்க." அவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். இவளுக்கு நல்ல கையெழுத்து, எண்ணெல்லாம் சிப்பாய் மாதிரி நிற்கும். "அப்படின்னா அலுவலக முறை உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் போன்ல மாத்திச் சொல்லியிருக்கீங்க."

பாருங்கள் அநியாயத்தை. அவள் தப்பாக எழுதியிருந்தால், பாவம் தெரியாதவள் என்று சொல்லியிருப்பார்கள். சரியாக எழுதினதே குற்றமாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், இந்த எஞ்சினியர் ஐயாவுக்கு இதய வைத்தியம் பாக்கணும்னு வைங்க, டாக்டர் இடது பக்கம்னு சொல்றாரு. யாரோட இடது? எதுக்க நிக்கற டாக்டரோட இடதா, படுத்திருக்கற இவரோட இடதா? கேக்க மாட்டீங்க? கத்தியைப் போட்டுட்டு அப்புறம் கேப்பீங்களா?"

"அம்மா, நீங்க பேசக் கூடாது" என்றார் எஞ்சினியர்.

"சரி, பேசல. இந்தப் படத்துல எங்க கீழ்த்தெரு எங்க இருக்குன்னு மட்டும் தொட்டுக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கறேன்."

அவர் எழுந்தார். படத்துக்குப் பக்கத்தில் போனார். விரல் போய்க் கறுப்பு ஆற்றுப் பக்கம் நின்றது, அப்புறம் இந்தப் பக்கம் வந்தது, அப்புறம் நின்றது. பெரிய அதிகாரி குனிந்து பேனா மூடியைத் தேடினார். எழுதுகிறவர் எழுதவில்லை. நான் சத்தியம் செய்து சொல்வேன், அந்த விரல் தடுமாறியதை ஒருவரும் தாளில் ஏற்றவில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். இன்னொரு குற்றமும் இருந்தது. கம்பத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியும் நகர்ந்துவிட்டாள். படிவத்தில் மூன்றாவது, நான்காவது கட்டம் காலி. ஐம்பத்து இரண்டு வீடு காலியானது ஒரு கட்டத்திலும் இல்லை, அதற்குக் கட்டமே கிடையாது. ஆனால் இந்த இரண்டு காலிக் கட்டத்தைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள்.

"வேலையை விட்டு அனுப்பறதுக்கு அதுவே போதும்" என்றார் பெரிய அதிகாரி. "ஆனா நாங்க அப்படிச் செய்ய விரும்பல. நீங்க ரொம்ப வருஷம் வேலை செஞ்சவங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. காலிக் கட்டத்தை விட்டுடலாம். வேலையும் இருக்கும்."

தாளை இவள் பக்கம் நகர்த்தினார். அவள் சத்தம் போடாமல் படித்தாள். நான் முழங்கையால் இடித்தேன். "என்னடி போட்டிருக்கு?"

"தவறுதலாக வேறு துணையாற்றின் பெயரைத் தெரிவித்துவிட்டேன்னு போட்டிருக்குக்கா."

"போடாத."

"இருக்கா."

அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. பிள்ளை இல்லை. அந்த வேலைதான் அவளுக்குக் காலையும் மாலையும். மூன்று வேளை படி இறங்காவிட்டால் அவளுக்கு நாளே விடியாது என்பது எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தாள். இவ்வளவுதானா உன் முதுகெலும்பு என்று கத்த வாய் திறந்தேன். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். நிதானமாக எழுதினாள். எழுதி முடித்ததும் அவளே எழுந்து நின்று படித்தாள்.

"நான் சொன்னது வலக்கை ஆறு. அது மஞ்சள் ஆற்றுக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர். கேட்டவருக்கு ஊர் தெரியாது. நான் கம்பத்தை விட்டுப் போனது உண்மை. மறுபடி நடந்தாலும் போவேன்."

கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். அப்போது தண்ணீர் எத்தனை அடி என்பதையும் பழக்க தோஷத்தில் போட்டாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எழுதுகிறவர் எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

"இது செல்லாதும்மா" என்றார் எஞ்சினியர்.

"செல்லாதுன்னா கிழிச்சுப் போட்டுடுங்க. நான் எழுதினது எழுதினதுதான்" என்றாள் இவள்.

ஒரு வாரத்தில் வேலையை விட்டு அனுப்பினார்கள். கம்பத்துக்கு எங்கிருந்தோ வேறு ஆளைக் கொண்டுவந்தார்கள். வலக்கை, இடக்கை என்ற பெயரை இனி யாரும் போனில் சொல்லக் கூடாது, துணையாறு ஒன்று, துணையாறு இரண்டு என்று சொல்ல வேண்டும் என்று பலகை மாட்டினார்கள். ஆற்றுக்கு நம்பர் போடுகிறான், பேருந்துக்குப் போடுகிற மாதிரி. எது ஒன்று, எது இரண்டு என்று எந்தப் பக்கம் நின்று எண்ணினான் என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. எஞ்சினியருக்கு வேறு ஊருக்கு மாற்றல், பதவி உயர்வோடு. அங்கே எந்த ஆறு இருக்கிறதோ, அந்த ஊர்க்காரர்கள் தலையெழுத்து.

நான் ஒவ்வொரு கடையிலும், துறையிலும், சந்தையிலும் நின்று இதைச் சொன்னேன். ஊர் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஒருவன் மட்டும் வாயே திறக்கவில்லை. மெக்கானிக். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போவான். இவள் தினம் ஜன்னலில் நின்று அவன் போவதைப் பார்ப்பாள். வேலை போனதைப் பற்றி இவள் ஒரு நாள்கூடப் பேசவில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்பதைத்தான் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"அந்தப் பையன் என்னைக்கு வந்து கேப்பான் அக்கா?"

"எதைக் கேக்கறது? அவனுக்கு எல்லாம் தெரியும். நான்தான் ஊரெல்லாம் தமுக்கடிச்சிருக்கேனே."

"நீ சொல்லித் தெரியறது வேற."

இரண்டு மாசம் கழித்து வந்தான். வேலை முடிந்து நேராக வந்திருந்தான், கையெல்லாம் கிரீஸ். பின்கட்டுப் பக்கமாக வந்து நின்றான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"சின்னத்தை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"போன்ல நீங்க வலக்கைன்னு சொன்னது சரி. நம்ம ஊர்ல அதை வேற எப்படிச் சொல்லுவாங்க? அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எதிர்ல பேசினது நம்ம குமாஸ்தா இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அந்த ஆளு வெளியூருன்னும் தெரியும்."

"தெரியும்."

"கீழ்த்தெருப் பக்கம்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாமே, அத்தை."

கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தேன். "ஏண்டா, யாரைப் பாத்து என்ன கேக்கற? தோளெலும்பு விலகற வரைக்கும் உன் வீட்டுக் கதவைத் தள்ளினவடா அவ. போய் அந்த எஞ்சினியர் சட்டையைப் பிடிச்சுக் கேளு..."

"அக்கா, நீ சும்மா இரு" என்றாள் இவள். பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முகத்துக்கு நேராக நின்றாள். "ஆமாப்பா. சொல்லியிருக்கலாம். தோணல. எனக்கு அது தோணல. தப்புத்தான்."

அவன் அழவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனான்.

நான் அவள்மேல் பாய்ந்தேன். பலகைச் சுவர் அதிரக் கத்தினேன். மூன்று பேர் சட்டைக்குப் பொத்தான் போட்டு உட்கார்ந்துகொண்டு, வேலையைப் பிடுங்குவேன் என்று மிரட்டிக் கேட்டும் வாயிலிருந்து வராத வார்த்தை இது. இதற்காகத்தானே வேலையையே தூக்கி எறிந்துவிட்டு வந்தாய். இப்போது கிரீஸ் கையோடு ஒருத்தன் வந்து கேட்டதும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாயே. இது நாளைக்கு ஊரெல்லாம் போகும், அவளே ஒப்புக்கொண்டாள் என்பார்கள், நான் தொண்டை வறளக் கத்தினதெல்லாம் வீண். முழக்கோலாம் முழக்கோல், ஆளுக்கு ஓர் அளவு வைத்திருக்கிற முழக்கோல்.

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"அந்த மூணு பேர் வீட்ல யாரும் சாகலக்கா" என்றாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை.